மாடி அறைக்கு ஒரு டிவி

செல்வநாயகி பதினெட்டு வருடம் பீங்கானைத் தட்டிப் பார்த்தாள். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ராஜமாணிக்கத்தின் சூளையில் அவளுக்கு அதுதான் வேலை. வீட்டு மீட்டர் பெட்டிக்குள் இருக்குமே, வெள்ளை ஃபியூஸ் கேரியர், அது சூளையிலிருந்து இறங்கி ஆறியதும் ஒவ்வொன்றையும் சிறிய இரும்புக் கம்பியால் தட்டுவாள். நன்றாக வெந்தது கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே விழுந்திருந்தால் மொத்தென்று அடங்கிவிடும். நல்லது வலது பக்கம், மற்றது இடது பக்கம். இதைத் திறமை என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. பாதி பழக்கம், பாதி பிடிவாதம். ஆனால் அவள் வலது பக்கம் போட்டது எதுவும் கடையிலிருந்து திரும்பி வந்ததில்லை.

பீங்கான் மாவுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் நிற்காமல் போனபோது வேலையை விட்டாள். வீட்டுக்கு மேலே ஓர் அறை கட்டினாள். அறைக்கு ஆள் வருமா என்று கணவர் மாயவன் கேட்டபோது, "சூளை ஆற மூணு நாளு ஆவுது. அதுவரைக்கும் யாவாரி எங்க படுப்பான்?" என்றாள். கணக்குச் சரியாக இருந்தது. சூட்டோடு சூளையைத் திறந்தால் சரக்கு முழுவதும் வெடித்துவிடும் என்பதால், சரக்கெடுக்க வந்தவர்கள் காத்திருந்துதான் ஆக வேண்டும். ஐந்தாறு வெளியூர் வியாபாரிகள் மாற்றி மாற்றி வந்து தங்கினார்கள். சூளைக் கொட்டகையில் மண் அரைக்கும் உருளையின் இரைச்சலில் எதுவும் காதில் விழாது. அதனால் ஒரு கூடை மாதிரிச் சரக்கை அறைக்கே எடுத்துவந்து தட்டிப் பார்த்துவிட்டுத்தான் லாரி ஏற்றச் சொல்வார்கள். அவளும் அதை ஒரு வசதியாக நினைத்ததில்லை. வருகிறார்கள், தட்டுகிறார்கள், போகிறார்கள் என்ற அளவில்தான் இருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் ஜங்ஷன் ரோட்டில் புது லாட்ஜ் ஒன்று வந்தது. அறைக்கு அறை டிவி.

"அக்கா, நானும் சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தனுங்க," என்றார் ஆதிநாராயணன். கோயம்புத்தூரில் மின்சாமான் கடை வைத்திருந்தவர். அறை கட்டிய வருடம் முதல் வருகிறவர். மற்றவர்களைக் கூட்டிவந்ததும் அவர்தான். "மூணு நாளும் செவுத்தையே பாத்துட்டு உக்கார முடியலீங்க. அடுத்த தபா வரும்போது டிவி ஒண்ணு வெச்சிருங்க. இல்லாட்டி மத்தவங்களும் லாட்ஜுக்கே போயிருவாங்க."

அவர் லாட்ஜுக்குப் போனால் எல்லாரும் போவார்கள். அறை காலியாகக் கிடந்தால் திரும்பவும் கம்பியை எடுத்துக்கொண்டு தூசிக்குள் உட்கார வேண்டும். செல்வநாயகிக்கு இது ஒரு வாக்கியத்தில் புரிந்தது. ஆனாலும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று மாயவன் கேட்டார். அவளுக்கே தெரியவில்லை.

"அந்த ரூமுக்கு அது ஒத்து வராதுங்க."

"ரூமுக்கு ஒத்து வராதா? ரூமு வந்து உன்கிட்ட சொல்லிச்சா?"

அரசு கொடுத்த கலர் டிவி கூடத்தில் புதுசாக இருந்தது. மாயவன் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார். இருந்தும், பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் போல அதைத் தானே மாடிக்குத் தூக்கிப் போனார். கேபிள்காரர் வந்து ஒயர் இழுத்தார். காரணம் சொல்லத் தெரியாத எதிர்ப்பு இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. செல்வநாயகியும் விட்டுவிட்டாள்.

அடுத்த முறை வந்த ஆதிநாராயணன் வாய் நிறையச் சிரித்தார். மூன்று நாளும் அறையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் மதியம் சூளை திறந்து, கூடை மாடிக்கு வந்தது. அன்றைக்கு ஒருநாள் மேட்ச். செல்வநாயகி டீ கொண்டுபோனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து, கண் டிவியிலும் கை கூடையிலுமாகத் தட்டிக்கொண்டிருந்தார். யாரோ சிக்ஸர் அடித்தார்கள். கூட்டம் கத்தியது. அந்தக் கத்தலுக்குள் மொத்தென்று ஒன்று விழுந்தது. அவர் அதை வலது பக்கம் வைத்தார்.

அவள் டம்ளரை வைக்காமல் நின்றாள். இன்னும் இரண்டு. அவையும் வலது பக்கம்.

வாய் திறந்தால் ராஜமாணிக்கத்தின் சரக்கு நின்றுபோகும். திறக்காவிட்டால் அந்தப் பீங்கான் எவர் வீட்டு மீட்டர் பெட்டியிலோ போய் உட்காரும். அவள் யோசித்ததாகச் சொல்ல முடியாது. நேரே போய் டிவியை அணைத்தாள்.

"என்னக்கா இது! கடைசி ஓவருங்க!"

"இப்ப தட்டுங்க சார்."

"தட்டியாச்சுங்க. எல்லாம் நல்ல சரக்கு."

"வலது பக்கம் இருக்குதே, அத இன்னொரு வாட்டி தட்டுங்க."

அவர் எரிச்சலோடு ஒன்றைத் தட்டினார். கணீர். அவளைப் பார்த்தார். அடுத்ததும் கணீர். நாலாவது மொத்தென்றது. அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்கவில்லை. கூடை முடியும்போது இடது பக்கம் பதினொன்று கூடியிருந்தது. டீ ஆறிப் போயிருந்தது.

இருபது வருடம் சரக்கெடுத்தவரின் தவறை ஒரு வீட்டுக்காரம்மா பிடித்துவிட்டாள். ஆதிநாராயணன் நன்றி சொல்லவில்லை. சரக்கை எடுக்காமல், சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் மாயவன் பல் விளக்கி முடிக்கும் முன்பே டிவி கூடத்துக்கு வந்திருந்தது. இப்போது செல்வநாயகிக்குக் காரணம் தெரிந்திருந்தது.

"அந்த ரூம்ல நாம வாடகைக்கு விடறது கட்டில இல்லீங்க, அமைதிய. படம் பாக்கணும்னா கீழ வரட்டும்."

"வர்றதுக்கு ஆளு வேணுமே," என்றார் மாயவன்.

ஆள் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். ராஜமாணிக்கம் தெருவில் மறித்துக்கொண்டார்.

"என் சரக்க நீயே கெடுத்துட்டியேம்மா. நீ யாரு பக்கம்?"

"உங்ககிட்ட இருந்தப்பவும் இடது பக்கந்தான முதலாளி போட்டேன். அப்ப மட்டும் நல்லவளா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயி மட்டும் குறையல. ரூமு காலியாத்தான இருக்குது? திங்கக்கிழமை வந்து உக்காரு. உன் காது மாதிரி இன்னும் ஒண்ணு எனக்குக் கெடைக்கல."

பதினெட்டு வருடத்தில் அவர் சொல்லாத வார்த்தை அது. அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷத்துக்காக யாரும் தூசி தின்பதில்லை.

"இன்னும் ஒரு மாசம் பாத்துட்டுச் சொல்றேங்க," என்றாள்.

"பெரிய பங்களா கட்டி வுட்டுருக்கா!" என்று வீட்டில் மாயவன் கிண்டல் செய்தார். அவள் மாடி அறையைப் பெருக்கி, விரிப்பு மாற்றினாள். யாரும் படுக்காத விரிப்பை வாரா வாரம் எதற்குத் துவைக்கிறாய் என்று அவர் கேட்டபோது, தலையணை உறையையும் கழற்றினாள். தவறு செய்துவிட்டோம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. சரியானதைச் செய்துவிட்டு நஷ்டப்படுவதும் நடக்கக்கூடியதே என்று மட்டும் தோன்றியது.

மூன்றாம் மாதம் ஒரு முற்பகலில் ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. ஆதிநாராயணன் இறங்கினார். கையில் பெட்டி இல்லை. மடியில் வைத்துப் பிடித்துவந்த பீங்கான் கூடை மட்டும் இருந்தது.

"எங்க சார் தங்கியிருக்கீங்க?"

"லாட்ஜுலதானுங்க." அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "ஏசி, டிவி எல்லாம் இருக்குதுங்க. என் டிவிய நான் நிறுத்திக்கறேன். பக்கத்து ரூம்காரன் டிவிய யாரு நிறுத்தறது? போன தபா லாட்ஜுலயே தட்டி எடுத்துட்டுப் போனனுங்க. பாதிக்குப் பாதி கடைக்கே திரும்பி வந்திருச்சு."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காததை அவர் கவனித்தார்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல ரூம் வேணுங்க. தட்டிட்டுப் போயிடறேன்."

"மணிக்கணக்குக்கெல்லாம் வுடறதில்லீங்க சார். தங்கறதா இருந்தா சாவி தரேன். டிவி கீழதான். கீழ வந்து இவரு கூட உக்காந்து பாத்துக்கலாம்."

"ஏனுங்கக்கா, இத்தன தூரம் வந்திருக்கறேன்…"

"லாட்ஜும் தூரந்தான சார்."

கூடத்திலிருந்து மாயவன் எட்டிப் பார்த்தார். "வாங்க சார், ரெண்டரைக்கு மேட்ச் இருக்குது. கலர்ல பாக்கலாம்!"

ஆதிநாராயணன் கூடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, லாட்ஜுக்குப் போயி என் பெட்டிய எடுத்துட்டு வந்துருப்பா. நான் போன் போட்டுச் சொல்லிடறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் கூடையோடு படியேறினார். செல்வநாயகி கூடத்துக்குள் போய், மேட்ச் தொடங்க இன்னும் நேரமிருந்தும் அதற்குள் டிவி போட்டிருந்த கணவரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.