பதிவுக் கவுண்டரிலிருந்து ஒரு சமூகப்பணி மேதை

என் மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பேர், வயது, உடம்புக்கு என்ன என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டுவாள். ஆள் வாயை மூடியதும் "அடுத்தவங்க வாங்க" என்பாள். தூக்கத்தில்கூட அதைத்தான் சொல்கிறாள். என் மகன் பாவம், திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். வேலையையும் விடாமல், பகுதி நேரமாகச் சமூகப்பணியில் முதுகலை படிக்கிறேன் என்று கிளம்பினாள். நாலு பேருக்கு உதவ வேண்டுமாம். வீட்டில் இருக்கும் நாங்கள் அந்த நாலு பேரில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. சனிக்கிழமை வகுப்பு, வார லீவில் களப்பணி, மிச்ச நாளெல்லாம் கொட்டாவி.

படித்ததைப் பழகிப் பார்க்க ஆள் நான்தான்.

"அத்தை, முழங்கால் வலிக்குதுன்னீங்களே, அது உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? வலிக்குது."

"அதாவது, கஷ்டமா இருக்குன்னு சொல்ல வர்றீங்க."

"தைலத்தை எடுத்துட்டு வாடின்னு சொல்ல வர்றேன்!"

யோசனை சொல்லக் கூடாதாம், எதிராளி சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டுமாம். இதற்கு ஒரு பட்டம்!

களப்பணியும் அதே ஆஸ்பத்திரியில்தான், மாடியில் சமூகப்பணி அறையில். மேற்பார்வை மேடம் பக்கத்தில் இருந்து கவனிக்க, நோயாளி வீட்டார் ஒருவரிடம் பேச வேண்டும். அதில் தேறாவிட்டால் அந்த வருஷமே வீண். அந்தச் சோதனை நாளில் வந்தது ஒரு தையல்காரி. கணவருக்குப் பக்கவாதம். கடையைத் திறப்பதா, அவரைப் பார்த்துக்கொள்வதா என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். கண்ணில் தண்ணீர். அப்போது பேசாமல் காத்திருக்க வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறதாம். எங்கள் மேதைக்கு வாயில் வந்தது என்ன தெரியுமா?

"அடுத்தவங்க வாங்க."

தையல்காரி பையைத் தூக்கிக்கொண்டு போயே விட்டாள். மேடம் பேனாவை மூடினார்.

மருமகள் மேடத்தின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய்ப் படிக்கட்டில் தையல்காரியைப் பிடித்தாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. கீழே சீட்டுப் போடுற பழக்கம், வாய் தானா சொல்லிடுச்சு."

"அட, அந்தக் கண்ணாடிக்காரி நீதானா? என் புருஷன் வயசைத் தப்பா அடிச்சு அவரைக் கிழவனாக்கின மகராசி!"

பிறகு தையல்காரி படியிலேயே உட்கார்ந்து திட்டத் தொடங்கினாள். சீட்டை, லிஃப்டை, டாக்டரை, கட்டிலில் கிடக்கும் கணவரை, ஒருவரையும் விடவில்லை. இவள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடவில்லை. பயம்தான், வேறென்ன? பின்னாலேயே வந்து நின்ற மேடம் அதைப் பொறுமை என்று எழுதிக்கொண்டார். திட்டித் தீர்ந்ததும் அழுகை வந்தது. அழுது முடித்துத் தையல்காரி தானே சொன்னாள்:

"நாத்தனாரைக் கேட்டா காலையில வந்து அவர்கூட இருப்பா, நான் கடையைத் திறக்கலாம். கேக்கத்தான் ரோஷமா இருக்கு. சரி, கேக்கறேன்."

மேடம் தேறிவிட்டாய் என்றாராம், அதுவும் மயிரிழையில்.

"ஓடினதுக்குத்தான்டி மார்க் போட்டிருக்காங்க, படிச்சதுக்கு இல்ல" என்றேன்.

"ஓடச் சொல்லி எந்தப் புத்தகத்துலயும் இல்லையே, அத்தை" என்றாள், வாய் நிறையச் சாப்பாட்டோடு.

"அதைத்தானே நானும் சொல்றேன்!"