விமானத்துக்கு முன்னால் வந்தவள்

பேய், ஆவி இதிலெல்லாம் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது, அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். துடியலூரில் இருபது வருஷம் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்த ஆள் நான். டொரண்டோவுக்கும் கோயம்புத்தூருக்கும் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், அபுதாபியில் இறங்கி ஏறினால் எப்படிப் பறந்தாலும் முழுசாக ஒரு நாள் ஓடிவிடும், இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த டொரண்டோவில்தான் எங்கள் ஒரே மகள் சுகன்யா இருக்கிறாள். என் மனைவி ராஜாமணிக்கு இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்ட அன்றே மகளுக்கு டிக்கெட் போட்டேன். கண் விழிக்கும்போதெல்லாம் ராஜாமணி, "அம்மணி வந்துட்டாளுங்களா?" என்பாள். மகளைப் பார்க்காமலே போய்விடுவாளோ என்பதுதான் என் பயமெல்லாம்.

மறுநாள் மதியம், நல்ல வெயில். போனில் பார்த்தேன், சுகன்யாவின் விமானம் இன்னும் கடலுக்கு மேலேதான் இருந்தது. கஞ்சி காய்ச்ச அடுப்படிக்குப் போனேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு அறைக்குள் தாயும் மகளும் பேசுகிற சத்தம், நடுநடுவே சிரிப்பு வேறு. வீடியோ காலில் பேசுகிறார்களாக்கும், பேசட்டும் பாவம் என்று நான் பாட்டுக்குக் கஞ்சியைக் கிளறிக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் உறைத்தது, வீட்டில் இருக்கிற ஒரே போன் என் சட்டைப் பையில் இருந்தது.

ஓடினேன். யாருமில்லை. ராஜாமணி மட்டும் தலையணையில் சாய்ந்தபடி, தெளிந்த முகத்தோடு இருந்தாள்.

"இப்பத்தானுங்க கௌம்புனா. ரெண்டு வாய் தண்ணி குடுத்தா. அப்பனைப் பாத்துப்போட்டுப் போ அம்மணின்னேன். 'அப்பாகிட்ட அப்பறம் வாரேன்'னு எங்கிட்டச் சொல்லிப்போட்டுப் போயிட்டாளுங்க."

கஞ்சி வேண்டாம் என்றாள். பொழுது சாய்கிற நேரத்தில் உயிர் பிரிந்தது.

நிஜ சுகன்யா மறுநாள் காலையில் வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்கம்மா உன்னையப் பாத்துட்டுத்தான் கண்ணு போனா" என்றேன். "என்னையச் சமாதானம் பண்றதுக்குப் பொய் சொல்லாதீங்ப்பா!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை நான் எடுக்கவேயில்லை, இப்போது உங்களிடம்தான்.

எங்கள் பக்கம் யாரும் போறேன் என்று சொல்லிக் கிளம்ப மாட்டோம், வாரேன் என்றுதான் சொல்வோம். அது வெறும் விடைபெறும் பேச்சு, அதை நம்பி யாரும் காத்திருப்பதில்லை. அன்றைக்கு வந்தது எதுவோ, அது 'அப்பறம் வாரேன்' என்றதைப் பேச்சுக்குச் சொன்னதா, நிஜமாகவே சொன்னதா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். பேச ஆளில்லை. போன வாரம் சுகன்யா போனில் கூப்பிட்டு, "ஏனுங்ப்பா, அடுத்த மாசம் நான் வாரனுங்ப்பா" என்றாள். சந்தோஷப்பட வேண்டியவன், "எந்த பிளேன் கண்ணு? டிக்கெட்டை அனுப்பு, பாக்கறேன்" என்றேன். அப்பாவுக்குப் பழைய தொழில் புத்தி போகவில்லை என்று சிரித்தாள். கேட் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் உடனே எழுந்திருப்பதில்லை. ஆனால் வீடு கிடக்கிற வெறுமையில், ரெண்டு பேரில் எவள் முதலில் வந்து கூப்பிட்டாலும் நான் கதவைத் திறந்துவிடுவேன், அது எனக்கே தெரிகிறது.