சுதனுக்குப் பால் மறக்கடித்த பங்குனி

பிள்ளைக்கு எப்போது பால் மறக்கடிப்பது என்று ஆனந்தவள்ளி யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே ஸ்ரீரங்கம் மொத்தமும் பதில் சொன்னது. கீரைக்காரி சொன்னாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் சொன்னார். அம்மா மண்டபம் போகிற வழியில், முன்பின் தெரியாத ஒரு மாமி ஆட்டோவுக்குள் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். நடுவே மாட்டிக்கொண்ட ஊரில் யோசனைகள் வடிந்து போக வழியே இல்லை போலிருக்கிறது.

பிள்ளையின் பெயர் ஹரிஹரசுதன். பெயர்தான் பெரிது, ஆளுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. சுதன் என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். ஆனந்தவள்ளி முந்தானையைச் சரிசெய்கிற ஓசை கேட்டால் போதும், தெருமுனையிலிருந்து உருண்டு வருவான்.

வீட்டுக்குள்ளேயே மூன்று கட்சி. கணவனின் அக்கா அனுசுயா தென்னூரில் இருந்தாள். ஒரு வயதோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. "அதுக்கப்புறம் வர்றது பாலா? வெறும் தண்ணி. தண்ணியத்தான் கார்ப்பரேஷன்காரன் குடுக்கிறானே!" பிள்ளைக்கு இரண்டு வயது முடிய வேண்டும் என்பது மாமியார் சந்திரம்மாள் கட்சி. பச்சைமலை அடிவாரத்திலிருந்து ஆனந்தவள்ளியின் அம்மா இருளாயி போனில் முழங்குவாள்: "அவனாப் போதும்னு சொல்ற வரைக்கும் குடுடி. நீ பால்வாடிக்குப் போயிட்டு மத்தியானம் ஓடியாந்து குடிச்சவ. அதான் ஒருநாள்கூட ஊசி போட்டுக்கல." கணவன் ரெங்கராஜ் ஆட்டோ ஓட்டுகிறவன். கடைசியாகப் பேசினவர் யாரோ அவர் சொன்னதுதான் அவனுக்குச் சரி.

ஆனந்தவள்ளிக்கு இந்தக் கட்சி எதுவும் முக்கியமில்லை. அவளுக்கு ஒரு நாற்காலி இருந்தது. தில்லை நகரில் ஒரு பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுக்கிற நாற்காலி. மரவள்ளிக் கிழங்குக் காட்டில் அப்பாவுக்குக் கூடை தூக்கி, ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு அரைநாள் நிற்கிற ஊரிலிருந்து துறையூர் போய்ப் பிளஸ் டூ முடித்தவள், வாழ்க்கையில் முதன்முதலாக உட்கார்ந்து செய்த வேலை அது. பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "மேடம்" என்பார்கள். பிரசவத்துக்கு விட்டுப் போன அந்த நாற்காலியைப் பங்குனி பிறந்ததும் வந்து பிடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. இல்லாவிட்டால் வேறு பெண் தயார்.

பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சந்திரம்மாள் சம்மதித்தாள். "ஆனா பாலுக்கு அழுதான்னா நான் எங்கடி போவேன்? மறக்கடிச்சுட்டுப் போ. அதுவும் இந்த மாசம் வேண்டாம்."

இந்த மாதம்தான் சிக்கல். சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனே நாலு வாரம் பச்சைப் பட்டினி கிடக்கிறாள்; சமைத்த தளிகை கிடையாது, நீர்மோரும் பானகமும் வெல்லம் கலந்த துள்ளுமாவும்தான். சந்திரம்மாளும் கூடவே விரதம். "அவளே நம்ம பிள்ளைங்களுக்காகப் பட்டினி கிடக்கறா. இந்த நேரத்துல பெத்தவ பிள்ளைய பட்டினி போடுவாளா?"

"அம்மன் பட்டினி கிடக்கறது பல் டாக்டருக்குத் தெரியுமாம்மா?" என்றாள் அனுசுயா. ஞாயிற்றுக்கிழமை தென்னூரிலிருந்து ஒரு பை நிறைய வேப்பிலையோடு வந்து இறங்கினாள். கொழுந்தாகப் பார்த்து ஆய்ந்து, மிக்ஸியில் விழுதாக அரைத்தாள். சந்திரம்மாள் கையைப் பிசைந்தாள். "அம்மன் இலைடி அது. அதைப் போயா இதுக்கு?"

"நம்ம வீட்டுல எல்லாருக்கும் இதைத்தான் தடவினீங்க. எனக்கே தடவினதா நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

"அது ஆடி கழிஞ்சு தடவினேன்."

ஆனந்தவள்ளி கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டாள். சுதன் வழக்கம்போல் ஓடிவந்து மடியில் ஏறினான், வாய் வைத்தான். உடனே அழவில்லை. வாயை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். தெரியாமல் செய்துவிட்டாயா, தெரிந்தே செய்தாயா என்று கேட்பதுபோல் பார்த்தான். பிறகு அழுதான் பாருங்கள், காவிரிப் பாலத்தில் போன பஸ்ஸெல்லாம் ஆம்புலன்ஸ் வருகிறதென்று ஓரம் கட்டியிருக்கும்.

"கசக்கும்னு சொல்லு வள்ளி! சொன்னாத்தான் மனசுல பதியும்," என்றாள் அனுசுயா.

"கசக்கும்டா கண்ணு," என்றாள் ஆனந்தவள்ளி. "கச்சும்," என்று விக்கிக்கொண்டே சொன்னான் சுதன்.

இரண்டு மூன்று நாளில் கேட்பதை நிறுத்திவிட்டான். அவளுக்குத்தான் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. பால் வற்ற மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். வீடு கல்யாண மண்டபம்போல் மணத்தது. அவள் மட்டும் ஜுரத்தோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அனுசுயா போனில் வெற்றி முழக்கம் செய்தாள்: "நான் சொன்னேன்ல? பிள்ளைங்க சீக்கிரம் மறந்துடும். நாமதான் மறக்க மாட்டோம்."

நாற்காலி கிடைத்தது. முழுசாக ஒரு வாரம்கூட உட்கார்ந்திருக்க மாட்டாள், காலையில் போன் வந்தது. பேசியது சந்திரம்மாள். குரல் கீழே போயிருந்தது.

"வள்ளி, கிளம்பி வா. அம்மா வந்திருக்கா."

சுதனின் முதுகிலும் வயிற்றிலும் முத்து முத்தாக அம்மை போட்டிருந்தது. ஆனந்தவள்ளி வந்து சேர்வதற்குள் சந்திரம்மாள் எல்லாம் செய்துவிட்டாள். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து. தூளிக் கயிற்றில் வேப்பிலை. பாயில் வேப்பிலை பரப்பி அதன்மேல் வெள்ளைத் துணி. பிள்ளை அரிப்பில் சொறிந்துவிடாமல் தடவிக்கொடுக்கக் கையில் ஒரு கொத்து.

சுதன் மூலையில் ஒண்டிக்கொண்டு அலறினான். இலையை அருகில் கொண்டுபோனால் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டான். வாய்க்குள்ளும் கொப்புளம். இளநீர் கொண்டுவந்தார்கள், தட்டிவிட்டான். கஞ்சி, தட்டிவிட்டான். சந்திரம்மாள் தன் விரதத்து நீர்மோரை எடுத்து வந்தாள், கிண்ணமே பறந்தது. அவனைப் பொறுத்தவரை இந்த இலை இருக்கிற வீட்டில் எதுவும் கசக்கும்.

மறுநாள் மத்தியானத்துக்குள் உதடு வெடித்துவிட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. குழந்தை டாக்டர் போனில் சொன்னார்: "காலையிலேருந்து ஒண்ணுக்கே போகலையா? தண்ணி உள்ள போயே ஆகணும்மா. சாயங்காலம் வரைக்கும் பாருங்க, அதுக்கு மேல வச்சிருக்காதீங்க. தூக்கிட்டு வந்துடுங்க, டிரிப்ஸ் போடணும்." பிறகு, "தாய்ப்பால்தான் குடிச்சுட்டு இருந்தான் இல்ல? ரெண்டு வயசு தாண்டியும் குடுக்கலாமே. எதுக்கு நிறுத்துனீங்க?"

ஆனந்தவள்ளி போனை வைத்த கையோடு அனுசுயா கூப்பிட்டாள். "இந்த நேரத்துல பால் குடிக்கிற பிள்ளையா இருந்திருந்தா கவலையே இல்ல வள்ளி. இப்பப் போய் நிறுத்திட்டியே!"

"அண்ணி, நீங்கதானே..." என்று தொடங்கியவள் போனைக் கட்டிலில் வீசினாள்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். தடவியதெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், சர்க்கரைத் தண்ணீர் தொட்டுத் தடவினாள். "வாடா சுதன். கசக்காதுடா. அம்மா பொய் சொன்னேன்டா." அவன் அவளைப் பார்க்கவில்லை. தலைக்குமேல் தூளிக் கயிற்றில் ஆடிய கொத்தைப் பார்த்தான். "கச்சும்," என்று காய்ந்த குரலில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் எழுந்தாள். தூளியிலிருந்த கொத்தைப் பிய்த்து எறிந்தாள். பாயை உதறினாள்.

"அடிப்பாவி! அம்மா வீட்டுல இருக்கறப்ப தழையை எறியறியே! முத்து உள்ள இறங்கிடும்டி!"

"இறங்கட்டும் அத்தை. அவளுக்குக் கோவம்னா என்மேல வரட்டும். என்னைப் பிடிக்கட்டும், எனக்குப் போடட்டும்." வாசல் நிலைக்கு அவள் கை எட்டவில்லை. எம்பினாள். மறுபடி எம்பினாள். வாசலில் நின்றிருந்த ரெங்கராஜ் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். கடைசியாகப் பேசினது யார் என்று இந்த முறை அவன் கணக்குப் பார்க்கவில்லை. கையை நீட்டி அறுத்துப் போட்டான்.

இலையெல்லாம் வெளியே போயிற்று. பிள்ளை மட்டும் அப்படியே இருந்தான். மறுபடி மார்பில் சேர்த்தபோது திமிறக்கூடத் தெம்பில்லை, உதட்டை மூடிக்கொண்டு கிடந்தான். இத்தனை நாள் ஊரே அவளுக்குச் சொல்லித் தந்ததே, இதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிழிந்தாள். பூ தன் வேலையை நன்றாகவே செய்திருந்தது. வராதே வராதே என்று கட்டிப்போட்டவளே, வந்துவிடு வந்துவிடு என்று கெஞ்சினாள். ஒன்றும் வரவில்லை. வலியில் பல்லைக் கடித்தாள்.

முதுகுக்குப் பின்னால் வெந்நீர்ச் சூடு பட்டது. சந்திரம்மாள் துணியை நனைத்துப் பிழிந்து நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒத்தடம் குடுத்துட்டுப் பிழி. மேலேருந்து கீழ நீவு. அழாத, அழுதா சுரக்காது."

"நீங்களும் அழறீங்களே அத்தை."

"எனக்கா சுரக்கணும்? நீவுடி."

ஒரு சொட்டு வந்தது. பிறகு இன்னொன்று. ஸ்பூனின் அடிக்குழியை மறைக்கிற அளவு சேர வெகுநேரம் ஆனது. ரெங்கராஜ் பிள்ளையை மடியில் வைத்து ஜன்னலைக் காட்டி, "அங்க பாரு, காக்கா, காக்கா," என்று இல்லாத காக்காவைக் காட்டினான். சுதன் வாய் லேசாகத் திறந்த நேரம் பார்த்துச் சந்திரம்மாள் ஊற்றினாள்.

துப்பவில்லை. நாக்கைச் சப்புக்கொட்டினான். புருவம் சுருங்கியது, எங்கேயோ பார்த்த ஆளை ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல. விழுங்கினான். மறுபடி வாயைத் திறந்தான்.

இரண்டாவது ஸ்பூனில் பால் பாதி, இளநீர் பாதி. மூன்றாவதில் பால் பேருக்குத்தான். அவன் கண்டுகொள்ளவில்லை, குடித்தான். நிறுத்தி, அழுது, மறுபடி குடித்தான். வெயில் இறங்கி, ரெங்கராஜ் ஆட்டோச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளை கிடந்த அவன் மடியில் கைலி நனைந்தது.

"போயிட்டான்!" என்று கத்தினான் ரெங்கராஜ். "அம்மா, போயிட்டான்! வள்ளி, இங்க பாரு, முழுக்க நனைச்சுட்டான்!" லாட்டரி விழுந்தவன்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டான். எழுந்து மாற்றவும் இல்லை, நனைந்த கைலியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

ஆனந்தவள்ளி கைநீட்டிப் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சேர்த்தாள். சுதன் அவள் தோளில் தலை சாய்த்தான். மார்பு அவன் கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் அதைத் தேடவில்லை. ஸ்பூனைக் காட்டி, "இன்னும்," என்றான்.

அவனை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, அவள் மறுபடியும் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.