புடவை மேல் வைத்த லேப் மேனுவல்

எங்கள் வீட்டில் பாடப்புத்தகத்தின் தரத்தை அப்பா கையில் தூக்கிப் பார்த்துத்தான் சொல்வார். தறியிலிருந்து அறுத்த பட்டுப்புடவையை மடித்து, பழைய வேட்டியில் சுற்றி, மடிப்பு படிய மேலே பாரம் வைப்பது வழக்கம். நாங்கள் கல்லூரிக்குப் போனதிலிருந்து அந்தப் பாரம் எங்கள் புத்தகங்கள்தான். அக்காவின் வரலாற்றுப் புத்தகத்துக்கு முதல் மரியாதை, என் கனிம வேதியியலுக்கு அடுத்தது. பரீட்சை சமயத்தில் எடுக்கப் போனால் திட்டு விழும். எரிச்சலாக வரும் எனக்கு. லேப் மேனுவல் மட்டும் தப்பித்தது. "இதுல இன்னாம்மா படிப்பு இருக்குது, அப்பளமாட்டம்" என்பார் அப்பா.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவளுக்கென்று முகூர்த்தப் புடவை நெய்தார். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். அப்பா நெய்து, கடைக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிய முதல் புடவை அது.

அதை மடித்து வைத்த அன்று எனக்கு லேபில் சில்வர் நைட்ரேட். பக்கத்து மேசைக்காரி பாட்டிலைக் கவிழ்த்ததில் என் மேனுவலின் அட்டை நனைந்துவிட்டது. சாயங்காலம் அம்மா, புத்தக அடுக்கு ஒரு பக்கம் சாய்கிறதே என்று, என் பையிலிருந்த மேனுவலை எடுத்து எல்லாவற்றுக்கும் அடியில் செருகியிருக்கிறாள்.

காலையில் தேடி உருவினால், சுற்றியிருந்த வேட்டியில் ஈரத்தடம். ஜன்னல் வெளிச்சத்தில் அது பார்க்கப் பார்க்கப் பழுப்பானது. அப்பா அவசரமாகப் பிரித்தார். புடவை சுத்தமாக இருந்தது. அம்மா மூச்சு விட்டாள். எனக்குத்தான் விட முடியவில்லை.

"அது இருட்டுல தெரியாதுப்பா. வெளிச்சம் பட்டாத்தான் கறுக்கும். கறுத்தா போகாது."

"இன்னா மருந்தும்மா அது?"

"வெள்ளியைக் கரைச்ச தண்ணிப்பா."

"வேற புடவை எடுத்துக்கலாம்பா" என்று அக்கா சொன்னாள்.

பட்டை வெயிலில் காட்டமாட்டார் அப்பா. வாசலுக்கு உட்புறம், வெளிச்சம் விழுகிற இடத்தில் பாய் போட்டுப் புடவையை விரித்தார். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போகிற ஆட்டோக்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தன. பார்த்துப் பார்த்து இல்லாத புள்ளியெல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா போட்ட காபியை யாரும் தொடவில்லை.

மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அப்பா வேட்டியைப் பல மடிப்பாகச் சுற்றியிருந்ததால், கறை வெளி மடிப்புகளோடு நின்றுவிட்டது. அக்கா அப்போதுதான் அழுதாள். எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கூச்சப்பட்டு, வேட்டியைத் துவைக்கப் போய்விட்டேன். எவ்வளவு தேய்த்தும் கறை போகவில்லை.

வேட்டியைத் தூக்கிப் போடச் சொன்னோம், அப்பா கேட்கவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாள் அதையே கட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். எதிர்வீட்டு நெசவுக்காரர் கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது.

"இன்னாபா, வேட்டியெல்லாம் கறையா இருக்குது?"

"கறை இல்லபா, வெள்ளி" என்றார் அப்பா. "நம்ம ஜரிகையில இருக்குதே, அதே வெள்ளி. என் பொண்ணு காலேஜ்ல படிக்குதில்ல, அது போட்டது."