நெருப்பு வருதா?

கரிசல் நாட்டுக்கு வந்த புதிதில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "ஒமக்குக் காரு பத்தத் தெரியுமாவே?" கேட்டவர் இராமசாமி அண்ணாச்சி. எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் பருத்திக்காடும் ஒரு பழைய காரும் வைத்திருந்தவர். நமக்குப் பத்துவது என்றால் எரிவது. இந்த மனுஷர் எதற்காகக் காரை எரிக்கச் சொல்கிறார் என்று திருதிருவென விழித்தேன். இங்கே மாட்டைப் பத்துவார்கள், வண்டியைப் பத்துவார்கள், அந்தக் கணக்கில் காரையும் பத்துவார்கள். ஓட்டுவது என்று பொருள். டிரைவர் வேலை கிடைத்தது, குடியிருக்க அவர் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இன்னும் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போலக் கப்பலேறி வந்து ஊர் ஊராய்ச் சிதறிக் கிடப்பவர்களுக்கும் இதை எழுதக் காரணம் உண்டு. இரண்டு பக்கமும் தமிழ்தானே என்று நம்பி இறங்கினால், ஒரு சொல் உயிரோடு விளையாடிவிடும்.

எழுபதுகள் முடியும் காலம். சித்திரை மாதத்து மத்தியானம். என் மனைவி லெட்சுமிக்கு விடிகாலையிலிருந்தே வலி. மருத்துவச்சி அறையை விட்டு வெளியே வந்து, "கால் முன்ன வருதுய்யா. இது எங்கையில அடங்காது. வெரசா கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றாள். முதல் பிள்ளையை, வந்து இறங்கிய முகாமிலேயே புதைத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். பஸ் இனிச் சாயங்காலம்தான். மாட்டுவண்டியில் அந்தத் தூரத்தை அவள் தாங்கமாட்டாள். கேட்பதற்கு முன்பே அண்ணாச்சி சாவியை நீட்டினார். திருகினேன். கார் ஒரு தடவை முனகியது. அடுத்த தடவை முனகக்கூட இல்லை.

மலையில் கார் கிளம்பாவிட்டால் யாரும் அதற்கு நாடி பிடித்துப் பார்ப்பதில்லை. எங்கே நிறுத்தினாலும் சரிவுதான். பிரேக்கை விட்டால் அதுவே உருண்டு, இரண்டாவது வளைவுக்குள் உயிர் பிடித்துவிடும். தோட்டத்து லாரியை நான் அப்படித்தான் எத்தனையோ காலை கிளப்பியிருக்கிறேன். இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டு மாதிரி நிலம், வெயிலில் வாய் பிளந்து கிடந்தது. அந்தச் சமதரையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. பேட்டரி சோர்ந்திருக்கிறது என்று நினைத்து, முன்பக்கம் இரும்பு ஹேண்டிலை மாட்டிச் சுற்றினேன். என்ஜின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. அறையிலிருந்து லெட்சுமியின் அலறல் வந்தது.

"தண்ணி இருக்காவே? பெட்ரோல் இருக்கா?" என்றார் அண்ணாச்சி, நோய் கண்ட மாட்டைச் சுற்றி வருவதுபோலக் காரைச் சுற்றி வந்து.

"ரெண்டும் இருக்குங்க."

"பெறவு ஏன் மக்கர் பண்ணுது?"

அது தெரிந்தால் நான் ஏன் வியர்வையில் நனைகிறேன்? கார்புரேட்டர் வரை பெட்ரோல் வந்திருந்தது. பிளக்கைக் கழற்றினால் அதுவும் பெட்ரோலில் நனைந்திருந்தது. அப்படியானால் பொறிதான் வரவில்லை. பிளக்கை வயரோடு என்ஜின் மேல் படும்படி பிடித்துக்கொண்டு, நுனியில் பொறி தெறிக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அண்ணாச்சியை நிறுத்தினேன். பிளக்கில் வேட்டி நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் குனிந்து ஹேண்டிலைச் சுற்றினேன்.

"அண்ணாச்சி, நெருப்பு வருதுங்களா?"

"என்னது?"

"நெருப்பு! நெருப்பு வருதா?" அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

எங்கள் தோட்டத்துக் கராஜில் பொறி வருகிறதா என்பதை எல்லாரும் அப்படித்தான் கேட்போம். இந்த ஊர் மெக்கானிக்குகள் 'கரண்டு வருதா' என்று கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பதற்றத்தில் நாக்கு எந்த ஊரைக் கேட்கும்? நான் மறந்த இன்னொன்று, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தீப்பெட்டி ஆபீஸ். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிடாதீர்கள். அது ஓர் ஓட்டுக் கொட்டகை. மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைப் பெண்கள் உட்கார்ந்து பெட்டியில் அடைக்கும் இடம். அங்கே யாரும் விளையாட்டுக்குக்கூட உரக்கச் சொல்லாத சொல்லைத்தான் நான் மூன்று முறை சொல்லியிருந்தேன்.

"ஏட்டி, தீயாம்! எந்திங்கட்டி!"

கொட்டகை காலியானது. மணல் வாளியோடு பாதிப் பேர், ஈரச்சாக்கோடு பாதிப் பேர். முன்னால் வந்தவள் சங்கரம்மாள், அங்கே மற்றவர்களுக்கெல்லாம் மூத்தவள். திறந்து கிடந்த என்ஜினையும், அதற்குள் குனிந்திருந்த அண்ணாச்சியையும் பார்த்தாள். ஒரே வீச்சில் ஈரச்சாக்கை என்ஜின்மேல் போட்டுவிட்டாள். தண்ணீர் வயர்களில் எல்லாம் வழிந்தது. என் உயிரும் அதோடு வழிந்ததாகவே நினைத்தேன்.

"தீ எங்கன?" என்று மூச்சு வாங்கினாள்.

"தீ இல்ல தாயி, தீ இல்லாததுதான் வியாதி!" என்று நான் அழாத குறையாகக் கத்தினேன். உள்ளே லெட்சுமி மறுபடி அலறினாள். சங்கரம்மாள் அறைப் பக்கம் பார்த்தாள், காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. "கூறுகெட்ட சிலோன்காரரே, அத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று சேலையை இழுத்துச் செருகினாள்.

அண்ணாச்சியின் துண்டால் வயர்களைத் துடைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளேயும் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பொறிக்குக் கரண்டு அனுப்பும் இரண்டு பாயின்ட்டும் கருகி, மேலே கரி படிந்திருந்தது. வியாதி அங்கேதான். தேய்க்க உப்புத்தாள் கேட்டேன். எட்டயபுரத்துக் கடையில்தான் கிடைக்கும் என்றார் அண்ணாச்சி. சங்கரம்மாள் மடியில் ஒரு வெறும் தீப்பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. அதை வாங்கி, மருந்து பூசிய பக்கத்தைக் கிழித்தேன்.

"இதுல மட்டும் தீ வராதோ?" என்றாள். வெடுக்கென்று கேட்டாலும், பாயின்ட் தெரியும்படி வயர்களை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தேய்த்தேன். பாயின்ட் பளிச்சென்றது. எல்லாவற்றையும் மாட்டி ஹேண்டிலைப் பிடித்தால் கையில் தெம்பில்லை. அதற்குள் பெண்கள் லெட்சுமியைத் தூக்கி வந்து பின்சீட்டில் கிடத்தியிருந்தார்கள். "ஹேண்டில விடும், நாங்க தள்ளுதோம்" என்றது ஒரு குரல். தீயணைக்க வந்த அத்தனை கைகளும் காரின் முதுகில். நான் இரண்டாம் கியரில் போட்டுக் கிளச்சை மிதித்தேன். கார் உருண்டது. கிளச்சை விட்டேன். ஒரு குலுக்கல், ஓர் இருமல், கறுப்புப் புகை. பிடித்துக்கொண்டது.

"பத்தும்வே, பத்தும்!" என்று அண்ணாச்சி பின்னாலேயே ஓடிவந்து கத்தினார். அந்தச் சொல்லுக்கு நான் பிறகு ஒருநாளும் விழித்ததில்லை.

சங்கரம்மாள் பின்சீட்டில் லெட்சுமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். கோவில்பட்டி போய்ச் சேரும்வரை என்ஜினை நான் அணையவிடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ், "சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்டபோது, எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் என்று நான் வாயெடுப்பதற்குள், "நாந்தான்" என்று சங்கரம்மாள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பெண் குழந்தை. தாயும் பிழைத்துக்கொண்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"யாரு சாயலு இது? ஒம்ம மொகமும் இல்ல, அவ மொகமும் இல்லையே" என்று சங்கரம்மாள் துணியை விலக்கிக் காட்டினாள். குறுகிய நெற்றி, மடங்கிய காது. என் அம்மாவேதான். இரண்டு அரசாங்கமும் எங்களைப் பங்கு பிரித்ததில் அம்மாவுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை, எனக்கு இந்த நாட்டுது. அவளைப் பார்த்தவர் என்று அந்த வராந்தாவில் என்னைத் தவிர யாருமில்லை.

"எங்க அம்மா மாதிரி" என்றேன்.

"அவிய எங்கன இருக்காவ?"

"கடலுக்கு அந்தப் பக்கம்" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

சங்கரம்மாள் குழந்தையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, மெல்ல எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

"அங்கன கழுகுமலைதான் இருக்கு. கடலு இந்தப் பக்கம்லா."