பூதக்கண்ணாடி போட்ட பூட்டு

அந்த அம்மாளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் என்ன பொருத்தம்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்த வகை. பதினான்கு வருஷம் ஓட்டல் சமையலறைகளைச் சோதித்தவர். அவர் தலை தெரிந்தால் சமையல் மாஸ்டர்கள் அவசரமாக நகம் வெட்டிக்கொள்வார்கள். ஐம்பதை நெருங்கும்போது வேறு பிரிவுக்கு மாற்றல் வந்தது. படிப்பும் கணக்கும் புதிய விஷயங்களும் சட்டென்று பிடிபடாத பெரியவர்கள், ஐந்தாறு பேராகத் துணையாட்களோடு வாழும் சின்னச் சின்ன இல்லங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் தரத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். கோப்பில் 'அறிவுசார் குறைபாடு உடையோர் இல்லம்' என்று இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வீட்டையும் போல அதுவும் ஒரு வீடு. வாசலில் செருப்பு, கொடியில் துண்டு.

"ஒரு வீட்டுக்குள்ள போய் என்னத்தைச் சோதிக்கறது?" என்று அவருடைய கணவர் கேட்டார்.

"வீட்டுக்குள்ளதான் எல்லாத் தப்பும் நடக்கும்."

"அது வாஸ்தவம்தான்" என்று கணவர் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். பாவம், வேறு என்ன செய்வார்!

புதுப் பிரிவில் அவர் பார்த்த மூன்றாவது இல்லத்தை, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார். காலை ஏழரை மணி. பூதக்கண்ணாடி பழக்கதோஷத்தில் நேரே சமையலறைக்குள் நுழைந்தார். அடுப்புக்கு முன்னால், நாற்பத்தைந்து வயது இருக்கும், குள்ளமாக ஒரு பெண், கையில் கரண்டியோடு திரும்பினார்.

"ஷூவைக் கழட்டு! இது சமையல்கட்டு!"

அவர்தான் தளபதி. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் காலை முட்டை அவர் பொறுப்பு. ஐந்துக்கு மேல் எண்ண வராது. ஆனால் யாருக்கு மஞ்சள் கரு வழிய வேண்டும், யாருக்குக் கல்லாக வேக வேண்டும், யார் மிளகைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். மற்ற ஐந்து பேரும் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். வரிசை குலைந்தால் தளபதி கரண்டியை நீட்டுவார். அவ்வளவுதான், கப்சிப்.

பூதக்கண்ணாடியின் கண்ணில் இதெல்லாம் விழவில்லை. மேடையில் உறையில்லாத கத்தி, எரியும் அடுப்பு, விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாணலிப் பிடி, இவைதான் விழுந்தன. ஓட்டல் கண் அல்லவா! அறிக்கையில் எழுதினார்: 'கத்தி, அடுப்பு முதலியவை இல்லவாசிகளின் கைக்கு எட்டாதபடி பூட்டில் இருக்க வேண்டும்.'

நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். யாருக்கும் சுட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பு, வேறொன்றுமில்லை. ஆனால் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நர்சம்மா என்ன செய்வார்? எள் என்பதற்குள் எண்ணெயாக நின்றார். ஒரே வாரத்தில் சமையலறைக்கு இரும்புக் கம்பிக் கதவு வந்தது. கதவுக்குப் பூட்டு வந்தது. சமைப்பதற்கு ஒரு அம்மாள் வந்தார், சாவி அவர் இடுப்பில் ஏறியது.

அடுத்த வருஷம் பூதக்கண்ணாடி மறுபடியும் போனார். தீயணைப்பான் சரி. மருந்து அலமாரி சரி. குளியலறைக் கைப்பிடி சரி. படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' விழுந்தது. பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? "உங்க இல்லத்துக்கு நூத்துக்கு நூறு" என்று சொல்ல வாயெடுத்தவர், கம்பிக் கதவுக்கு எதிரே ஒரு நாற்காலி கிடப்பதைப் பார்த்தார். அதில் தளபதி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில். இவர் அன்றைக்கும் ஷூவோடுதான் உள்ளே வந்திருந்தார். ஒரு அதட்டலும் வரவில்லை.

"என்னங்க, இன்னிக்கு என்னைத் திட்டலையா?"

தளபதி சட்டென்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "நான் ஒண்ணும் தொடலை."

பூதக்கண்ணாடிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நர்சம்மாவைத் தனியே கூப்பிட்டு, "இவங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

நர்சம்மா ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது. "உடம்புக்கு ஒரு கேடும் இல்லை மேடம். நீங்க எழுதினதுதான் கேடு! காலையில எழுந்து குளிச்சு, அந்தக் கதவு முன்னாடி வந்து உக்காருவா. சாப்பாடு வர்ற வரைக்கும் அப்படியே. தான் ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டதாவும், அதுக்குத்தான் பூட்டுன்னும் நினைச்சுக்கிட்டிருக்கா. இல்லைம்மான்னு எத்தனை தடவை சொல்றது? பூட்டைக் கண்ணால பார்க்கறாளே! ஒன்பது வருஷத்துல ஒரு தடவை கூட வாணலியைக் கவுத்தவ இல்லை. உங்க படிவத்துல அதுக்குக் கட்டம் எங்க இருக்கு?"

சொல்லிவிட்டு நர்சம்மாவே பயந்துபோனார். அனுமதி போயிற்று என்று நினைத்திருப்பார். பூதக்கண்ணாடி வராந்தாவுக்குப் போய், வாசற்படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை, அதுவும் தன் கையாலேயே. பதினைந்து வருஷ உத்தியோகத்தில் இப்படி முகத்துக்கு நேரே சொன்னவர்கள் யாருமில்லை. எல்லோரும் 'சரி மேடம்' சொன்னவர்கள்.

"சொன்னீங்களே, அதுக்கு ரொம்ப நன்றி" என்றார். "நாளைக்குக் காலையில வரேன். கதவைத் திறந்து வையுங்க."

மறுநாள் ஏழு மணிக்குக் கதவு விரியத் திறந்திருந்தது. தளபதிதான் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"போம்மா, போய் முட்டை போடு" என்றார் நர்சம்மா.

"மாட்டேன். பூதக்கண்ணாடி திட்டும்."

நர்சம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"பூதக்கண்ணாடி திட்டாது. நீங்க ஒரு தப்பும் பண்ணலை. நான்தான் தப்பா எழுதிட்டேன். இப்ப எனக்குப் பசிக்குது, ஒரு முட்டை கிடைக்குமா?"

பசி என்ற சொல் வேலை செய்தது. தளபதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எப்படி வேணும்?"

கேட்டால் நம்ப மாட்டீர்கள், பூதக்கண்ணாடிக்குப் பதில் தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கணவருக்கு எப்படி, மகளுக்கு எப்படி, மாமனாருக்கு எப்படி என்று பார்த்துப் பார்த்துப் போட்டவர். உனக்கு எப்படி வேண்டும் என்று ஒரு ஜீவனும் கேட்டதில்லை.

"தெரியலையே."

"என்ன ஆளு நீ!" என்று தளபதி எழுந்தார். "நான் ஒண்ணு போடறேன். பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்."

வாணலிப் பிடி வெளியே நீட்டியபோது பூதக்கண்ணாடி அதை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். ஒரே தடவைதான். அடுத்த ஐந்து முட்டைக்கும் தளபதி தானே திருப்பிக்கொண்டார். பின்னால் தட்டுகளோடு வரிசை சேர்ந்துவிட்டது. யாரோ முண்டியடித்தார், கரண்டி நீண்டது. வாசலில் நின்ற நர்சம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் மேலதிகாரி அறிக்கையை இரண்டு முறை படித்தார். 'சென்ற ஆண்டு நான் சொன்ன திருத்தம் தவறானது. சமையலறையைப் பூட்டியதால் ஒருவருடைய அன்றாட வேலையும் மதிப்பும் பறிபோயின. பூட்டை எடுத்துவிட வேண்டும். துணைக்கு ஒருவர் அருகில் இருந்தால் போதும்.'

"ஏம்மா, சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறீங்களே? தானே எழுதினதைத் தானே தப்புன்னு எழுதற ஆளை நான் இப்பதான் பார்க்கறேன்."

"தப்புன்னா தப்புதானே சார்."

"நாளைக்கு ஏதாவது சுட்டுக்கிச்சுன்னா? ஒரு சின்னக் காயம் போதும். பேசாம பூட்டியே வெச்சிருக்கலாம்னு மேலேயிருந்து ஓலை வரும். திரும்பத் திறக்க முடியாது. உங்க பேர்தான் அடிபடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்" என்றார்.

மூன்று மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு காலையில் போனார். கதவு இருந்த இடத்தில் சுவரில் நாலு துளைகள் மட்டும். அடுப்பில் முட்டை. ஆனால் தளபதி ஒரே கையால் வேலை செய்துகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் இடது கையை முதுகுக்குப் பின்னால் இன்னும் இறுக்கினார்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லை."

நர்சம்மா முகம் வெளுத்து ஓடி வந்தார். "நேத்துதான் மேடம். வாணலி விளிம்பு லேசா பட்டுடுச்சு. உடனே தண்ணியில காட்டி மருந்து போட்டாச்சு, நோட்டுலயும் எழுதியாச்சு. சின்னக் கொப்புளம்..."

"ஒண்ணுமில்லை!" என்று தளபதி கத்தினார். "சுடலை! எனக்குச் சுடவே சுடாது!" கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. யாரும் மறுபடி பூட்டிவிடக் கூடாதென்று, கதவு இருந்த இடத்தை மறித்துக்கொண்டு நின்றார்.

பூதக்கண்ணாடி படிவத்தை மேடைமேல் வைத்தார். அடுப்பை அணைத்தார். புடவைத் தலைப்பை ஒதுக்கி, வலது முழங்கைக்குக் கீழே காட்டினார். மணிக்கட்டு வரை வரி வரியாகப் பழைய தழும்புகள், கருத்தும் வெளுத்தும்.

"இங்க பாருங்க. இது எண்ணெய் தெறிச்சது. இது குக்கர். இது என் மக பொறந்தப்போ, தூக்கக் கலக்கத்துல. இது போன மாசம்."

தளபதி குனிந்து பார்த்தார். கடைசித் தழும்பின்மேல் மெல்ல ஊதினார். "வலிக்குதா?"

"இப்ப இல்லை."

தளபதி நிமிர்ந்தார். "உன் வீட்டு சமையல்கட்டையும் பூட்டிட்டாங்களா?"

பூதக்கண்ணாடி தன் கையையே ஒரு தரம் பார்த்தார். இருபத்தாறு வருஷம், இத்தனை தழும்பு, ஒருத்தர்கூட அப்படி ஒரு பேச்சை எடுத்ததில்லையே!

"இல்லைங்க. யாரும் பூட்டலை."

அதன் பிறகுதான் தளபதி இடது கையை முன்னால் கொண்டுவந்தார். சுட்டுக்கொண்ட விரலைப் பூதக்கண்ணாடியின் உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்கு மட்டும் வலிக்குது" என்றார்.