அக்கா சிரித்த படம்

லண்டனில் மொட்டை போட்டுக்கொண்டால் சூப் கிடைக்கும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வர முடியாத ஏக்கத்தில் நான் இங்கேயே தலையை மழித்துக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய், "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்டு, ஒரு கிண்ணம் சூப்பைக் கையில் திணித்தாள். வேண்டுதல் என்றால் என்னவென்று நான் விளக்கி முடிப்பதற்குள் அது ஆறிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சிரிக்கிற விஷயமில்லை. நான் சரித்திரம் படிக்க வந்தவன். கேமராவும் கையுமாக அலைகிறவன். நம் மலை, படிகள், வற்றிக் கிடந்த ஏரி என்று நான் எடுத்த படங்களை இங்கே ஒரு கண்காட்சிக் கூடத்தில் மாட்டினார்கள். நடுவில் என் அக்கா. மொட்டைத் தலையில் சந்தனம், முகமெல்லாம் சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் மலையடி வயல்கள். படத்தின் கீழே "துயரம்" என்று சீட்டு ஒட்டியிருந்தது. யுத்தம் பார்த்த ஊர் இந்த லண்டன். மொட்டைத் தலை என்றால் இவர்களுக்குச் சிறைமுகாம்தான் ஞாபகம் வரும். தெரிந்தும் எனக்கு ரத்தம் கொதித்தது.

அக்கா மொட்டை போட்டது எனக்காக. தம்பி சீமைக்குப் படிக்கப் போனால் முடி தருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டவள். எனக்குக் கப்பலில் இடம் கிடைத்ததும் மலையேறிவிட்டாள். அவள் கணவர், எங்கள் பாவா, "பூமுடி போதும்மே, மூணு கத்தை குடுத்துட்டு வா" என்றார்.

"ஆங், சாமிக்கிட்டயே பிசினாறித்தனமா?" என்று கேட்டுவிட்டு முழுசாக மழித்துக்கொண்டு வந்தாள். "சிரிச்சிகினே நிக்கறேன், சீக்கிரம் எடு நைனா" என்றாள். நான் கப்பலேறிய நாலாம் மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், பாவி. அவளுக்கென்று இருப்பது இந்த ஒரே படம்.

கூடத்துத் துரையிடம், "பெயரை மாற்றுங்கள், இல்லையென்றால் படத்தை இறக்குங்கள்" என்றேன்.

"அந்தப் பெண்ணுக்கு என்ன துன்பம் நேர்ந்தது?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"துன்பமா? ஜெயித்தவள் ஐயா அவள்! நீங்கள் ஜெயித்தால் மெடல் மாட்டிக்கொள்கிறீர்கள். நாங்கள் முடியை இறக்குகிறோம்."

அவரே சீட்டைக் கிழித்தார். "என் அக்கா, வேண்டுதல் பலித்த நாளில்" என்று நான் எழுதி ஒட்டினேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு.

அந்தப் பெருமையோடு பள்ளிப்பட்டிலிருக்கும் பாவாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். இன்று கடிதத்தோடு படமும் திரும்பி வந்திருக்கிறது. "வூட்டுல மாட்டுனா, கடைசி நோவுல எடுத்ததான்னு வர்றவங்கல்லாம் கேக்கறாங்க. மனசு தாங்கல நைனா. கொண்டை வரைஞ்சு அனுப்பு."

படித்ததும் கோபம் வந்தது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறவர் அவர்தானே என்று பிறகு தோன்றியது. மெல்லிய தூரிகையை எடுத்து, முடி முடியாக வரைந்துகொண்டிருக்கிறேன். பள்ளிப்பட்டில் கொண்டையோடு ஓர் அக்கா, லண்டனில் மொட்டையோடு ஓர் அக்கா. எனக்கு இரண்டு பேருமே வேண்டியிருக்கிறது.